எதன் வெப்பநிலை?

சுடுநீர் ஓடும் குழாயின் மேல் ஒரு மாணவி வெப்பநிலை உணரியை வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டினார். திரையில் 71.3 என்று வந்தது. ‘நீரின் வெப்பநிலை 71.3 டிகிரி செல்சியஸ்’ என்று நோட்டில் எழுதினார். ஆய்வகப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “எதன் வெப்பநிலை?” என்று மட்டும் கேட்டார்.

நீரின் வெப்பநிலை அது இல்லை என்பது கொஞ்சம் யோசித்தாலே தெரிந்துவிடும். உணரி தொட்டுக்கொண்டிருப்பது குழாயின் வெளிச்சுவரை. அந்தச் சுவருக்கு உள்ளே சுடுநீர், வெளியே அறைக்காற்று. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு வெப்பநிலையில் அது நிற்கிறது. அந்த வெப்பநிலையையாவது உணரி சரியாகச் சொல்கிறதா? அதுவும் இல்லை. உணரியின் உறையும் அதிலிருந்து நீளும் கம்பியும் வெப்பத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆக, உணரி அறிந்தது தன்னுடைய வெப்பநிலையை மட்டுமே. கறாராகப் பார்த்தால் அதைக்கூட அது சொல்லவில்லை. உள்ளே இருக்கும் பிளாட்டினத் தடையின் மதிப்பாகக் கருவிக்குக் கிடைத்தது 127.57 ஓம். அந்த ஒன்றுதான் உணரி தந்த சாட்சியம். அதிலிருந்து 71.3 வந்தது அட்டவணையால், 71.3 என்பது ‘நீரின் வெப்பநிலை’ ஆனது அந்த மாணவியின் நம்பிக்கையால்.

பொறியியலில் உணரிகளும் கருவியியலும் என்ற துறையைப் படிக்க வருகிறவர்களில் பலர் அதை உணரிகளின் பட்டியல் என்றே எண்ணி வருகிறார்கள். வெப்பநிலைக்கு இன்னது, அழுத்தத்துக்கு இன்னது, ஓட்டத்துக்கு இன்னது என்று மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிடலாம். பாடத்திட்டங்களின் வடிவமும் அதற்கு வாகாகத்தான் இருக்கிறது: முதல் அலகில் வகைகள், இரண்டாம் அலகில் மின்சுற்றுகள், கடைசியில் கொஞ்சம் கணினி. ஆனால் இந்தத் துறையின் சாரம் அந்த 127.57 ஓமுக்கும் ‘நீரின் வெப்பநிலை’ என்ற சொல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியில் இருக்கிறது. எந்த உணரியும் நாம் கேட்பதை அளப்பதில்லை. தனக்கு நேர்வதை அது சொல்கிறது. அதிலிருந்து நமக்கு வேண்டியதை ஊகிக்க வேண்டியது நம் வேலை. உயர்நிலை உணரி என்றால் விலை கூடியது என்று பொருளில்லை. ஊகத்தின் சங்கிலி அதில் இன்னும் நீளமானது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் சில்லுக்குள் ஒளிந்திருப்பது, அவ்வளவுதான்.

20 மில்லிவோல்ட்டின் கதை

சங்கிலியை ஒருமுறை கண்ணி கண்ணியாகப் பார்த்துவிடுவது நல்லது. லோடு செல் என்று தொழிற்கூடங்களில் சொல்லப்படும் எடை உணரியை எடுத்துக்கொள்வோம். துளையிட்ட உலோகக் கட்டை ஒன்று, அதன் மேல் ஒட்டிய நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்கள். கேஜ் என்பது மெல்லிய படலத்தில் வளைந்து வளைந்து ஓடும் உலோகக் கோடு, நகத்தைவிடச் சிறியது. கட்டை நீண்டால் அதுவும் நீள்கிறது, மின்தடை ஏறுகிறது. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று கெல்வின் 1856-லேயே சொல்லிவிட்டார். அதை ஒட்டும் பொருளாக மாற்ற 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் அமெரிக்காவின் இரு கோடிகளில், ஒருவரை ஒருவர் அறியாமல், இதைச் செய்தார்கள்.

கணக்கைப் பார்ப்போம். முழுச் சுமையில் கட்டையின் பரப்பு நீள்வது ஆயிரத்தில் ஒரு பங்கு. கேஜின் உணர்திறன் காரணி, அதாவது நீட்சியைப் போல எத்தனை மடங்கு மின்தடை மாறும் என்பது, ஏறத்தாழ 2. எனவே மின்தடை 0.2 விழுக்காடு மாறும். 350 ஓம் இருந்தது 350.7 ஓம் ஆகும். இந்த 0.7 ஓமை ஒரு மல்ட்டிமீட்டரை வைத்து நேரடியாக அளக்கப் புறப்படுவது வீண்வேலை. இணைப்புக் கம்பிகள் செம்பு. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே செம்பின் மின்தடை 0.4 விழுக்காடு ஏறிவிடும். எடை ஏறியதா, வெயில் ஏறியதா என்று யார் சொல்வது?

இதற்கு விடை சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி 1833-ல் அமைத்த பாலச் சுற்று. 1843-ல் அதைப் பரவலாக்கிய வீட்ஸ்டனின் பெயர்தான் அதற்கு நிலைத்துவிட்டது. பெயர் சூட்டுவதில் அறிவியல் அவ்வளவு நியாயமானது இல்லை. நான்கு கேஜ்களில் இரண்டு நீளும் இடத்திலும் இரண்டு சுருங்கும் இடத்திலும் ஒட்டப்பட்டு ஒரு சதுரமாக இணைகின்றன. எதிரெதிர் மூலைகள் இரண்டில் மின்னழுத்தத்தைக் கொடுத்து, மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையே எழும் வித்தியாசத்தை அளக்கிறார்கள். வெப்பநிலை மாறினால் நான்கும் ஒரே திசையில் மாறும், வித்தியாசம் எழாது. சுமை ஏறினால் எதிரெதிர்த் திசைகளில் மாறும், வித்தியாசம் எழும். வேண்டாததைத் தடுத்து நிறுத்தவில்லை, அதை இரு பக்கமும் சமமாக வரவிட்டுக் கழித்துவிட்டார்கள். கருவியியலில் திரும்பத் திரும்ப வரும் உத்தி இது. இதை ஒருமுறை உள்வாங்கிக்கொண்டவருக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்பேன்.

பாலத்துக்கு 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் கிடைப்பது 20 மில்லிவோல்ட். 100 கிலோ அளக்கும் செல் என்றால் 10 கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட். அந்த 2 மைக்ரோவோல்ட்டும் தனியாக வருவதில்லை. பாலத்தின் இரு வெளியீட்டு முனைகளும் 5 வோல்ட்டில் மிதக்கின்றன. அந்த 5 வோல்ட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறது. இரு முனைகளுக்கும் பொதுவானதை ஒதுக்கி வித்தியாசத்தை மட்டும் பெருக்குவதற்கென்றே கருவிப் பெருக்கி என்ற சுற்று இருக்கிறது. ஆப்-ஆம்ப் எனப்படும் பெருக்கிச் சில்லுகள் மூன்றைக் கொண்டு அதை வரையத் தெரியாத மாணவர் இல்லை. அதை ஏன் வரைய வேண்டும் என்பதற்கு இந்த 2 மைக்ரோவோல்ட்டைத் தவிர வேறு நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி ஒரு விஷமம். 1821-ல் சீபெக் கண்டது என்ன? இரு வேறு உலோகங்கள் சேரும் இரண்டு இடங்கள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். தெர்மோகப்பிளின் அடிப்படையே அதுதான். கே வகைத் தெர்மோகப்பிள் டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருகிறது. அந்த விளைவு தெர்மோகப்பிளில் மட்டும்தான் நடக்கும் என்று சட்டம் எதுவும் இல்லை. நம் சுற்றுப்பலகையில் செம்பும் ஈயப்பற்றும் சேரும் ஒவ்வோர் இடமும் ஒரு குட்டித் தெர்மோகப்பிள். டிகிரிக்கு ஓரிரு மைக்ரோவோல்ட் தரும். பாலத்தின் ஒரு முனையின் பற்றவைப்பு, மறுமுனையைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், யாரும் தொடாத தராசு 10 கிராம் காட்டும். பக்கத்தில் ஒரு மின்மாற்றி சூடாகிக்கொண்டிருந்தால் போதும். மின்சுற்று வரைபடத்தில் இந்த இணைப்பு வெறும் புள்ளி. வரைபடத்தைப் பார்த்து மட்டும் கருவி செய்கிறவர்கள் இந்தப் புள்ளியில்தான் விழுகிறார்கள்.

அடுத்தது எண்ணாக மாற்றும் சில்லு. 24 பிட் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். 20 மில்லிவோல்ட்டை அப்படிப் பங்கிட்டால் ஒரு படி 1.2 நானோவோல்ட். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் 350 ஓம் மின்தடை, சும்மா மேசையில் கிடக்கும்போதே, அதிலுள்ள எலக்ட்ரான்களின் வெப்ப அலைச்சலால் இரைச்சலை எழுப்புகிறது. ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் 1928-ல் விளக்கிய இரைச்சல் இது. அறை வெப்பநிலையில், 10 ஹெர்ட்ஸ் அலைப்பட்டைக்குள் மட்டும் பார்த்தால்கூட, அது 7 நானோவோல்ட்டுக்கு மேல். பெருக்கியின் இரைச்சல் தனி. அதாவது கடைசி இரண்டு மூன்று பிட்டுகள் எடையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் அலைவதைத்தான் அவை சிரத்தையாகப் பதிவு செய்கின்றன. பிரிதிறனும் துல்லியமும் வேறு வேறு என்று புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பது இதைத்தான்.

மாதிரி எடுக்கும் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 10 முறை படிக்கும் தராசு நிற்கும் தளத்தில், நொடிக்கு 9.9 முறை அதிரும் இயந்திரம் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதிர்வு தன் சுற்றில் கொஞ்சம் முன்பின்னாக நிற்கும். விளைவு: எடை 10 நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி மெல்ல இறங்கும், தராசு மூச்சு விடுவது போல. அப்படி ஓர் அசைவு உலகில் எங்குமே இல்லை. எண்ணாக மாறிய பிறகு எந்த மென்பொருளாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது, ஏனென்றால் உண்மையான மெதுவான மாற்றமும் எண்களில் இப்படியேதான் இருக்கும். வடிகட்டியை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே வைக்க வேண்டும். “அப்புறம் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம்” என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தத் தராசைத்தான் காட்டுவேன்.

புதியவை எதிலிருந்தும் தப்பவில்லை

1954-ல் சார்லஸ் ஸ்மித், சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் அழுத்தினால் அவற்றின் மின்தடை உலோகத்தைவிடப் பல மடங்கு மாறும் என்று காட்டினார். உணர்திறன் காரணி 2 என்பது நூறைத் தாண்டியது. சிலிக்கானைச் செதுக்கத் தெரிந்த மின்னணுத் தொழில் அதைப் பற்றிக்கொண்டது. இன்றைய சில்லு வடிவ அழுத்த உணரிகளில் பெரும்பங்கு அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள். ஆனால் சிலிக்கான் அழுத்தத்துக்கு எவ்வளவு நுட்பமாக அசைகிறதோ, வெப்பநிலைக்கும் அதே கூச்சத்துடன் அசைகிறது. எனவே ஒவ்வொரு சில்லிலும் ஒரு வெப்பநிலை உணரியையும் சேர்த்து வைத்து, தொழிற்சாலையில் பல வெப்பநிலைகளில் சோதித்து, திருத்தக் கெழுக்களை உள்நினைவில் எழுதி அனுப்புகிறார்கள். வாங்குபவர் கையில் வரும்போது அது பரம சாதுவாகத் தெரிகிறது.

ஒளியிழை உணரிகளின் கதையும் அதுதான். இழையின் உள்ளே வரிவரியாக ஒளிவிலகல் மாற்றங்களைப் பதித்தால் அது குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். பிராக் கீற்றணி எனப்படும் இது, இழுத்தால் அலைநீளம் கூடும். 1550 நானோமீட்டரில் வேலை செய்யும் கீற்றணியில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகர்வு. மின்காந்தக் குறுக்கீடு இல்லை, தீப்பொறி அபாயம் இல்லை, ஒரே இழையில் பல உணரிகளைக் கோக்கலாம். பாலங்களிலும் சுரங்கங்களிலும் விமான இறக்கைகளிலும் பொருத்துகிறார்கள். ஆனால் ஒரு டிகிரி வெப்பநிலைக்கும் ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகர்கிறது. காலை வெயில் பட்டதும் பாலம் இழுபடுவதாக அது சொல்லும். பக்கத்திலேயே இழுவிசை படாத இன்னொரு கீற்றணியை வைத்துக் கழிக்க வேண்டும். வீட்ஸ்டன் பாலத்தின் அதே புத்தி, வேறு உடையில்.

கைபேசிகளில் இருக்கும் முடுக்க உணரியைப் பற்றி ஒன்று மட்டும். அசையாமல் மேசையில் கிடக்கும் கைபேசியின் உணரி பூஜ்யம் காட்டுவதில்லை, நொடிவர்க்கத்துக்கு 9.8 மீட்டர் மேல்நோக்கிய முடுக்கம் என்கிறது. கீழே விழுந்துகொண்டிருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறது. பெயர் முடுக்க உணரி. அது உண்மையில் உணர்வதோ, உள்ளே விற்களில் தொங்கும் நுண்ணிய சிலிக்கான் கட்டையை அதைச் சுற்றியுள்ள சட்டகம் எவ்வளவு தள்ளுகிறது என்பதை. முதல் வாரத்தில் இதைக் கேட்டுக் குழம்பாத மாணவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

விரலில் மாட்டும் கருவி

ஊகச் சங்கிலியின் நீளத்தைக் காட்ட, விரல் நுனியில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைச் சொல்லும் பல்ஸ் ஆக்சிமீட்டரைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட வழி இது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி என இரண்டை விரல் வழியாக அனுப்புகிறார்கள். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பைக் கூடுதலாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் இழந்தது அதற்கு நேர்மாறு. விரலில் தோல், சதை, எலும்பு, சிரைகள் எல்லாமே ஒளியை உறிஞ்சுகின்றன. அயோயாகியின் சாமர்த்தியம் அவற்றைக் கழித்த விதத்தில் இருக்கிறது: நாடித்துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது தமனி ரத்தம் மட்டும்தான். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்து, துடிக்காத பகுதியால் வகுத்து, இரு நிறங்களுக்கும் அப்படிக் கிடைத்த எண்களின் விகிதத்தைப் பார்த்தால் போதும்.

அந்த விகிதத்திலிருந்து ‘97 விழுக்காடு’ எப்படி வருகிறது? கோட்பாட்டிலிருந்து நேரடியாக வருவதில்லை. ஒளி திசுக்களில் சிதறுவதால் எளிய சூத்திரம் கைகொடுக்காது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களுடைய ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் அளந்து, விகிதத்துக்கு எதிரே எழுதி ஒரு வளைகோடு தயாரிக்கிறார்கள். மனிதரை 70 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுபோவது ஆபத்து என்பதால் அதற்குக் கீழே உள்ள எண்கள் கோட்டை நீட்டிப் போட்டவை. ஆக, அந்தச் சிறு கருவிக்குள் தன்னார்வலர்களின் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. நம் விரலை அது அவர்களுடைய விரல்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பது அப்போது முக்கியமாகிவிடுகிறது. 2020-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான தமனிச் செறிவு 88-க்குக் கீழே இருந்த நேர்வுகளைத் தேடியது. வெள்ளையின நோயாளிகளின் அளவீடுகளில் அது 3.6 விழுக்காடு, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு. கருவி எதுவும் பழுதாகவில்லை. அளவுத்திருத்தம் யாரை வைத்து நடந்தது, தோலின் நிறம் ஒளியை என்ன செய்கிறது என்ற கேள்விகள் இப்போதுதான் ஒழுங்குமுறை அமைப்புகளின் மேசைக்கு வந்திருக்கின்றன.

கோபுரம் நிரம்பியபோது

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்து 15 பேர் இறந்தார்கள். விசாரணையில் பல காரணங்கள் வந்தன: பணிச்சுமை, பழைய வடிவமைப்பு, நிர்வாகத்தின் அலட்சியம். அவற்றில் ஒன்று ஒரு மட்ட உணரி. 50 மீட்டருக்கு மேல் உயரமான பிரிப்புக் கோபுரத்தைத் தொடங்கும்போது, திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே போகவில்லை. உணரி கோபுரத்தின் அடி மூன்று மீட்டருக்குள் ஒன்றரை மீட்டர் அளவுள்ள பகுதியை மட்டுமே பார்க்கக் கூடியது. திரவம் அதைத் தாண்டி 48 மீட்டர் வரை ஏறியது. கட்டுப்பாட்டு அறைத் திரையிலோ மட்டம் மூன்று மீட்டருக்கும் குறைவு, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

இறங்கியது ஏன்? அந்த உணரி மட்டத்தை அளக்கவில்லை. திரவத்தில் தொங்கும் ஓர் உருளையை எவ்வளவு மிதப்பு விசை தூக்குகிறது என்று அளந்தது. உருளையின் ஒரு பகுதி வெளியே இருக்கும் வரை மட்டம் ஏறினால் விசையும் ஏறும்; ஊகம் சரி. உருளை முழுதும் மூழ்கிவிட்டால் மட்டம் எவ்வளவு ஏறினாலும் விசை மாறாது. ஆனால் திரவம் சூடாகிக்கொண்டிருந்தது. சூடானால் அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்தால் மிதப்பு விசை குறையும், விசை குறைந்தால் திரையில் மட்டம் இறங்கும். போதாக்குறைக்கு, அது வேறொரு அடர்த்திக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருந்தது. ஆர்க்கிமிடீசின் விதியை உணரி கடைசி வரை பிசகாமல் கடைப்பிடித்தது.

1979 மார்ச் 28 அன்று திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதே இனம். திறந்த அழுத்த விடுவிப்பு வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். விளக்கு சொன்னது வால்வைத் திறந்து வைக்கும் மின்சுருளுக்கு மின்சாரம் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான். மூடு என்று சொல்லப்பட்டதற்கும் மூடியதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது.

ஓர் உணரி பொய் சொல்லலாம் என்றால் இரண்டு வைக்கலாமே என்று தோன்றும். இரண்டு வைத்து, அவை முரண்பட்டால், எதை நம்புவது? அதனால்தான் முக்கியமான இடங்களில் மூன்று வைத்து, இரண்டு சொல்வதை ஏற்பது வழக்கம். போயிங் 737 மேக்ஸில் காற்றோடு மூக்கு அமையும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நேர்ந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். மூன்று வைத்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ல் வேகம் அளக்கும் பிட்டோ குழாய்கள் மூன்று இருந்தன. ஒரே மேகத்தில், ஒரே பனித்துகள்களால், சிறிது நேரத்துக்கு அவை அடைபட்டன. வேக அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போக, தானியங்கி விமானி விலகிக்கொண்டது. ஒரே மாதிரியான மூன்று சாட்சிகள் ஒரே இடத்தில் நின்றால் அவர்களை மூவர் என்று எண்ணுவதில் அர்த்தம் குறைவு. வேறு வேறு இயற்பியல் தத்துவத்தில் வேலை செய்யும் உணரிகளைக் கலந்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆலைகளின் சமிக்ஞை மரபில் எனக்குப் பிடித்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உணரியின் அளவீட்டைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் அதை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகின்றன. மின்னழுத்தம் என்றால் நீண்ட கம்பியில் தேய்ந்துவிடும். மின்னோட்டம் ஒரு வளையத்தில் எங்கும் ஒன்றே. பூஜ்யத்துக்கு ஏன் 0 இல்லாமல் 4? தொட்டி காலியாக இருந்தால் 4 வரும். கம்பி அறுந்தால் 0 வரும். ‘ஒன்றும் இல்லை’ என்பதையும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதையும் பிரித்துச் சொல்ல உணரிக்கு ஒரு மொழியைக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் இணைந்த இன்றைய மலிவான உணரிகள் பலவற்றுக்கு இந்த நாகரிகம் கிடையாது. அறுந்தால் 0 என்றோ கடைசியாகத் தெரிந்த எண்ணையோ தயங்காமல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

எண்ணுக்குப் பின்னால் வருவது

படிக்கிறவருக்கு மின்சுற்று, சமிக்ஞைச் செயலாக்கம், கட்டுப்பாட்டியல், கொஞ்சம் பொருளறிவியல், நிறையப் புள்ளியியல் தேவைப்படும். மேட்லேப், பைத்தான், லேப்வியூ போன்ற மென்பொருள் கருவிகள் எல்லாம் போகிற போக்கில் கைக்கு வந்துவிடும். கால்மன் 1960-ல் தந்த வடிகட்டியைப் படித்தால், நம்பகம் குறைந்த பல உணரிகளை அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ற எடையுடன் கலப்பது எப்படி என்று தெரியும். அப்பல்லோ விண்கலங்களின் வழிசெலுத்தலில் அது பயன்பட்டது. ஆனால் பெரும்பாலோர் தள்ளிப்போடும் பாடம் நிச்சயமின்மை. 1993-ல் சர்வதேச அமைப்புகள் கூடி, அளவீட்டின் நிச்சயமின்மையை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது என்று வழிகாட்டி வெளியிட்டன. அதன் சாரம்: ஒரு எண்ணை மட்டும் எழுதினால் அளவீடு பாதிதான் முடிந்திருக்கிறது.

அந்த மாணவியின் 71.3-க்குத் திரும்பலாம். அவர் பயன்படுத்தியது பிடி 100 வகை, அதாவது 0 டிகிரியில் 100 ஓம் இருக்கும் பிளாட்டினத் தடை, பி தரம். அந்தத் தரத்துக்குச் சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் விலகல் 0.3 டிகிரியோடு வெப்பநிலையின் 0.005 பங்கையும் கூட்டினால் வருவது: இங்கே ஏறத்தாழ 0.66 டிகிரி. ஆகவே திரையில் தெரிந்த ‘.3’ வெறும் மரியாதைக்கு வந்தது. அடுத்து கம்பி. உணரிக்கும் கருவிக்கும் இடையே 10 மீட்டர், அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர்: 0.7 ஓம். பிடி 100-ல் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான். இரண்டு கம்பி இணைப்பாக இருந்தால் கம்பி மட்டுமே 1.8 டிகிரி கூட்டிவிடும். மூன்றாவது கம்பி ஒன்றைச் சேர்த்தால் இதைக் கழித்துவிடலாம். நான்கு கம்பி என்றால் கேள்வியே எழாது. மாணவி பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மூன்று கம்பிகள் இருந்தன. மூன்றாவது எங்கும் இணைக்கப்படாமல், முனை மடித்து, டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை இணைத்தார். 69.5 ஆனது. இவ்வளவு நேரம் கம்பியின் தடை எண்ணை ஏற்றிவைத்திருந்தது. காற்றுக்குப் போன வெப்பம் இறக்கிவைத்திருந்தது. இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று பாதி மறைத்துக்கொண்டு, பார்வைக்கு நியாயமான ஓர் எண்ணைத் தந்திருந்தன. பிறகு குழாயின் வெளியே கட்டியிருந்த உணரியை அவிழ்த்து, குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக உறைக்குள் செருகினார். எண் நகரத் தொடங்கியது: 70, 72, 73.4. நின்றுவிட்டது போலத் தெரிந்தது. பேனாவை எடுத்தார், எழுதவில்லை. தடித்த உறை சூடாகி, அதன் சூடு உணரிக்கு வந்து சேரும் வரை அது எதன் வெப்பநிலையைச் சொல்கிறது என்பது மறுபடியும் கேள்விதான். மாற்றத்தின் 63 விழுக்காட்டைக் கடக்க ஆகும் நேரத்தைப் போல ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து எண்களைக் குறிக்கத் தொடங்கினார்.